பிட்காயின் அனுப்பும் முன்னும் அனுப்பிய பின்னும்: கட்டணம், கன்ஃபர்மேஷன், வாலட் பாதுகாப்பு – முழுமையான வழிகாட்டி

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அக்கா மகனிடமிருந்து போன். "மாமா, பிட்காயின் அனுப்பினேன். அந்தப் பக்கமும் போய்ச் சேரல, என் வாலட்லயும் இல்ல. அஞ்சு மணி நேரம் ஆச்சு." பேசப் பேசத்தான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. உதவி கேட்டு ஒரு டெலிகிராம் குழுவில் எழுதியிருக்கிறான். இரண்டு நிமிடத்தில் 'சப்போர்ட்' என்ற பெயரில் ஒருவர் தனியாக வந்து, சிக்கிய பணத்தை விடுவிக்க வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். "எட்டு வார்த்தை டைப் பண்ணிட்டேன் மாமா. அப்பதான் உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுரலாம்னு தோணுச்சு."

"முதல்ல எல்லாத்தையும் அழி. மத்தத அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவன் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அதிகாலை, இந்திய நேரப்படி ஐந்தரை மணி தாண்டியதும், பிட்காயினின் 840000-வது பிளாக் (பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் கட்டு; இவை கோத்த வரிசையே சங்கிலி) வந்திருந்தது. அதுதான் நான்காவது ஹாவிங், அதாவது பாதியாக்கம். பிளாக்குகளை உருவாக்கும் மைனர்களுக்குக் கிடைக்கும் புதுக் காசு ஒரு பிளாக்குக்கு 6.25-லிருந்து 3.125 பிட்காயினாகக் குறைந்தது. அதே பிளாக்கில் ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் முறையும் தொடங்கியதால் இடம்பிடிக்கப் பெரும் போட்டி. அந்த ஒரு பிளாக்கில் மட்டும் 37 பிட்காயினுக்கு மேல் கட்டணமாகக் குவிந்தது. அன்றைய சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. இவனோ வாலட் காட்டிய கட்டணத்தைக் கையால் குறைத்து, 15 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்று வைத்துக் காலை எட்டு மணிக்கு அனுப்பியிருக்கிறான்.

கட்டணம், கன்ஃபர்மேஷன், வாலட் பாதுகாப்பு மூன்றையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் பிறகு நான் அப்படிச் சொல்வதில்லை. கட்டணம் புரியாததால் தாமதம், தாமதம் புரியாததால் பதற்றம், அந்தப் பதற்றத்தில்தான் ரகசியச் சொற்கள் கைமாறுகின்றன. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் போகிறது.

படி 1: கட்டணம் எதற்கு?

பெரிய தொகை அனுப்பினால் கட்டணமும் கூடும் என்று வங்கிகளில் பழகிவிட்டோம். பிட்காயினில் அது செல்லாது. பார்சல் ஆபீஸில் மூட்டைக்குள் பட்டுப்புடவையா பழைய துணியா என்று பார்த்தா காசு வாங்குகிறார்கள்? தராசில் வைத்து எடைக்கு வாங்குகிறார்கள். இங்கேயும் உங்கள் பரிவர்த்தனை பிளாக்கில் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ, அதற்குத்தான் கட்டணம். பத்து பிட்காயின் அனுப்பியவரும் பத்தாயிரம் சடோஷி அனுப்பியவரும் ஒரே கட்டணம் கட்டியிருக்கலாம்.

இடத்தின் அளவு விர்ச்சுவல் பைட். சுருக்கமாக வி-பைட் என்று வைத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற விதி மாற்றம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு பிளாக்கில் மொத்த இடம் 10 லட்சம் வி-பைட். கட்டணத்தின் அலகு சடோஷி. ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சடோஷி. ஆகவே 'இன்று கட்டணம் 10' என்று யாராவது சொன்னால், ஒரு வி-பைட் இடத்துக்கு 10 சடோஷி என்று பொருள். மைனர்கள் வி-பைட்டுக்கு அதிகம் தருபவர்களை முதலில் ஏற்றிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மெம்பூல் என்ற காத்திருப்பு இடத்தில் நிற்கிறார்கள்.

படி 2: உங்கள் வாலட்டில் எத்தனை நோட்டு இருக்கிறது என்று பாருங்கள்

நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வாலட் உங்கள் இருப்பை ஒரே எண்ணாகக் காட்டும். உள்ளே அப்படி ஒரு எண் இல்லை. உங்களுக்கு வந்த ஒவ்வொரு வரவும் தனித்தனி ரூபாய் நோட்டுப் போல, வந்த மதிப்பிலேயே கிடக்கிறது. யூ.டி.எக்ஸ்.ஓ என்பார்கள், இங்கே நோட்டு என்றே சொல்கிறேன். நோட்டைக் கிழித்துப் பாதியாகக் கொடுக்க முடியாதல்லவா? முழுதாக நீட்டி மீதிச் சில்லறை வாங்குகிறோம். பிட்காயினிலும் அதே கதைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்களிடம் 2,00,000, 50,000, 30,000 சடோஷி என்று மூன்று நோட்டுகள் இருக்கின்றன. 2,20,000 சடோஷி அனுப்ப வேண்டும். வாலட் முதல் இரண்டையும் எடுக்கும், மொத்தம் 2,50,000. இப்போது பரவலாகப் பயன்படும் பிசி1கியூ என்று தொடங்கும் முகவரிகளில், உள்ளே போகும் ஒவ்வொரு நோட்டும் ஏறக்குறைய 68 வி-பைட் பிடிக்கும். வெளியே போகும் ஒவ்வொரு பங்கும் 31. பொதுச் செலவு 11. இங்கே உள்ளே இரண்டு, வெளியே பெறுபவருக்கு ஒன்று, உங்கள் சில்லறைக்கு ஒன்று. ஆக 136 கூட்டல் 62 கூட்டல் 11, மொத்தம் 209 வி-பைட். கட்டணம் 10 என்றால் 2,090 சடோஷி. சில்லறையாக 27,910 சடோஷி உங்கள் வாலட்டின் வேறொரு முகவரிக்குத் திரும்பி வரும். அந்தப் புது முகவரியைப் பார்த்து "யாருக்கோ போய்விட்டது" என்று பயப்படாதீர்கள். அது உங்களுடையதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பரிவர்த்தனைக்குள் 'கட்டணம்' என்று எழுதும் இடமே கிடையாது. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ அது மைனருக்கு. சில்லறைப் பங்கை எழுதாமல் விட்டால் சில்லறை முழுவதும் கட்டணமாகிவிடும். 2023 செப்டம்பரில் பாக்ஸோஸ் என்ற அமெரிக்க நிறுவனம், சுமார் 2,000 டாலர் மதிப்புள்ள ஒரு பரிவர்த்தனைக்கு மென்பொருள் பிழையால் 19.8 பிட்காயின், அதாவது ஏறக்குறைய 5 லட்சம் டாலர், கட்டணம் கட்டிவிட்டது. அந்த பிளாக்கை உருவாக்கிய எஃப்2பூல் என்ற மைனர் குழு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று பிட்காயினில் எந்த விதியும் இல்லை. அது அவர்கள் பெருந்தன்மை. ஆகவே அனுப்பு பட்டனை அழுத்தும் முன் வாலட் காட்டும் மொத்தக் கட்டணத்தை ரூபாயில் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பொடி நோட்டுகளின் சங்கடத்தையும் பாருங்கள். மாதாமாதம், வாராவாரம் என்று 5,000 சடோஷியாக வாலட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்து 40 நோட்டுகள் சேர்ந்துவிட்டன, மொத்தம் 2,00,000. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓரிடத்துக்கு அனுப்பினால் 2,762 வி-பைட். கட்டணம் 50 ஆக இருக்கும் நாளில் 1,38,100 சடோஷி கட்டணத்துக்கே போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு! கட்டணம் 2 ஆக இருக்கும் நாளில் அதே வேலை 5,524 சடோஷியில் முடியும். அதனால்தான் நெரிசல் இல்லாத நாளில் பொடி நோட்டுகளை உங்கள் சொந்த முகவரி ஒன்றுக்கே அனுப்பி ஒன்றாக்கி வைக்கச் சொல்கிறேன். ஒன்றாக்கினால் அவை அத்தனையும் ஒருவருடையவை என்பது வெளியே தெரியும். அதில் ஆட்சேபம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

இன்னமும் 1 என்று தொடங்கும் பழைய வகை முகவரியில் வைத்திருப்பவர்கள் புது வகைக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு நோட்டு உள்ளே, இரண்டு பங்கு வெளியே என்ற சாதாரணப் பரிவர்த்தனைக்குப் பழைய வகையில் 226 பைட், புதியதில் 141 வி-பைட். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம்.

படி 3: அன்றைய விலையைப் பார்த்து வையுங்கள்

மெம்பூல் டாட் ஸ்பேஸ் என்ற இணையதளத்தைத் திறந்தால், அடுத்த பிளாக்கில் ஏற எவ்வளவு, அரைமணியில் ஏற எவ்வளவு, ஒரு மணியில் ஏற எவ்வளவு என்று தெரியும். அவசரமென்றால் முதல் எண். சொந்த வாலட்டிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுகிறீர்கள் என்றால் குறைந்தது போதும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். அக்கா மகன் கட்டணத்தைக் குறைத்தது தப்பே இல்லை. குறைத்தால் காத்திருக்க நேரும் என்பது தெரியாமல் குறைத்ததுதான் தப்பு.

பிட்காயின் வாங்கி விற்கும் நிறுவனமான எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே எடுக்கும்போது அவர்கள் பிடிக்கும் கட்டணம் வேறு. அது அந்த நிறுவனம் வைத்த விலை, நெட்வொர்க் கட்டணம் அல்ல. அங்கே நெட்வொர்க் எது என்று கேட்கும் இடத்தில் பிட்காயின் என்பதையே தேர்ந்தெடுங்கள். கட்டணம் குறைவாகத் தெரிகிறதே என்று வேறு சங்கிலியைத் தேர்ந்தெடுத்தால் வந்து சேர்வது அசல் பிட்காயினாக இருக்காது.

படி 4: அனுப்பியபின் கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது

அனுப்பியதும் வாலட் ஒரு டி.எக்ஸ்.ஐ.டி தரும், 64 எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளம். அதை மெம்பூல் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் உங்கள் பரிவர்த்தனை உலகெங்கும் பரவிவிட்டது, ஏறத்தான் காத்திருக்கிறது. பிளாக்கில் ஏறியதும் ஒரு கன்ஃபர்மேஷன். அதன்மேல் அடுத்த பிளாக் வந்தால் இரண்டு. இப்படியே கூடிக்கொண்டு போகும்.

பிளாக் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பது சராசரிதான். மைனிங் என்பது விடாமல் தாயம் உருட்டுவது மாதிரி. இதுவரை விழவில்லை என்பதற்காக அடுத்த உருட்டில் விழும் வாய்ப்பு கூடிவிடாது. இருபது நிமிடம் காத்திருந்துவிட்டீர்கள் என்றாலும் இன்னும் எதிர்பார்க்க வேண்டியது சராசரியாக அதே பத்து நிமிடம். கணக்குப்படி ஒரு நாளின் 144 பிளாக்குகளில் சராசரியாக ஏழு முறை இடைவெளி அரைமணியைத் தாண்டும். ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்தைக்கூடத் தாண்டும். எந்தக் கோளாறும் இல்லாமலே இப்படி நடக்கும்.

எத்தனை கன்ஃபர்மேஷன் போதும்? கன்ஃபர்மேஷன் இல்லாத வரவை வரவாகவே எண்ணாதீர்கள். அனுப்பியவர் அதே நோட்டை அதிகக் கட்டணத்தோடு வேறு முகவரிக்கு மாற்றி அனுப்பிவிட முடியும். தெரிந்தவர்களுக்குள் சின்னத் தொகை என்றால் ஒன்று போதும். நிலம், வண்டி விலை அளவுக்குத் தொகை என்றால் ஆறு வரை பொறுங்கள். ஆறு என்பது கல்வெட்டில் பொறித்த சட்டம் இல்லை. 2008-ல் வெளியான சடோஷி நகமோட்டோவின் மூலக் கட்டுரையிலேயே இதற்கான கணக்கு இருக்கிறது: மொத்தக் கணினி வலுவில் 10 சதவீதம் வைத்திருக்கும் ஏமாற்றுக்காரன், ஐந்து பிளாக் பின்தங்கிவிட்டால் எட்டிப்பிடிக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. 30 சதவீதம் வைத்திருந்தால் அதே நிம்மதிக்கு 24 பிளாக் வேண்டும். 2013 மார்ச்சில் மென்பொருளின் இரண்டு பதிப்புகள் ஒத்துப்போகாமல் சங்கிலி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையின் 24 பிளாக்குகள் கைவிடப்பட்டதும் உண்டு. அப்படிப்பட்ட நாள் மிக அரிது. ஆனால் பெரிய தொகையில் அவசரப்படாமல் இருக்க அந்த ஒரு நினைவு போதும்.

படி 5: சிக்கிக்கொண்டால்

முதலில் இதை மனதில் இருத்துங்கள்: ஏறாத பரிவர்த்தனையால் பணம் தொலையாது. பெரும்பாலான நோடுகள், அதாவது பிட்காயின் மென்பொருளை ஓட்டும் கணினிகள், பதினான்கு நாள் காத்திருந்துவிட்டுப் பரிவர்த்தனையை மெம்பூலிலிருந்து விட்டுவிடும். நெரிசல் மிகுந்தால் குறைந்த கட்டணக்காரர்களை அதற்கு முன்பே தள்ளிவிடும். அப்போது நோட்டுகள் பழையபடி உங்கள் கையில்தான்.

காத்திருக்க முடியாதா? அனுப்பியவர் நீங்கள் என்றால் ஆர்.பி.எஃப் (ரீப்ளேஸ் பை ஃபீ) செய்யலாம். ஸ்பாரோ, எலக்ட்ரம், ப்ளூவாலட் போன்ற வாலட்களில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் கட்டணத்தைக் கூட்டும் வசதி இருக்கும். அதே நோட்டுகளோடு, அதிகக் கட்டணத்தோடு புதுப் பரிவர்த்தனை உருவாகிப் பழையதன் இடத்தைப் பிடிக்கும். டி.எக்ஸ்.ஐ.டி மாறிவிடும், பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெறுபவர் நீங்கள் என்றால் சி.பி.எஃப்.பி (சைல்ட் பேஸ் ஃபார் பேரன்ட், தாய்க்காகப் பிள்ளை கட்டுவது). இன்னும் ஏறாத அந்த வரவையே எடுத்து உங்களுக்கு நீங்களே அதிகக் கட்டணத்தில் அனுப்பிக்கொள்வது. பின்னால் வரும் பிள்ளையின் கட்டணம் வேண்டுமென்றால் மைனர் தாயையும் சேர்த்தே ஏற்றியாக வேண்டும். சிக்கியிருப்பது 141 வி-பைட், கட்டணம் 5, கட்டியது 705 சடோஷி என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 20 என்ற விலையில் தெரிய வேண்டும். பிள்ளையின் அளவு 110 வி-பைட். ஆக மொத்தம் 251-ஐ 20-ஆல் பெருக்கினால் 5,020. அதில் தாய் கட்டிய 705 போக, பிள்ளை 4,315 சடோஷி கட்ட வேண்டும்.

இந்த இரண்டுமே உங்கள் வாலட்டுக்குள் நீங்களே செய்யும் வேலை. இதற்காக ரகசியச் சொற்களை எந்த மனிதரிடமும் எந்த இணையதளத்திலும் கொடுக்கத் தேவையே வராது. யாராவது கேட்டால் அவர் திருடர். அக்கா மகனும் நெரிசல் தணியும்வரை பொறுத்திருந்து, ஆர்.பி.எஃப் மூலம் கட்டணத்தைக் கூட்டினான். அடுத்த பிளாக்கிலேயே ஏறியது.

படி 6: பன்னிரண்டு சொற்கள்

வாலட்டுக்குள் காசு இல்லை. காசு சங்கிலியில் இருக்கிறது, வாலட்டில் இருப்பது சாவி. அந்தச் சாவியின் எழுத்து வடிவம்தான் 12 அல்லது 24 சொற்கள், 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுத்தவை. அந்தப் பட்டியல் ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் உண்டு, தமிழில் இல்லை. நம் வீடுகளில் ஆங்கிலச் சொற்களைத்தான் எழுதி வைக்கிறோம். ஆகவே எழுத்துக்கூட்டல் பிசகாமல், வரிசை எண்ணோடு, பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்திலேயே ஒவ்வொரு சொல்லும் வேறுபட்டுவிடும்; அந்த நான்கையாவது யாரும் படிக்கும்படி எழுதுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். போட்டோ தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும், மெயில் டிராஃப்ட்டில் போட்டு வைப்பதும் வேண்டாம். காகிதத்தில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். தொகை வளர்ந்தால் ஸ்டீல் தகட்டில் பொறித்து வைக்கலாம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த டிசம்பர்களைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பலர் தாண்டிப்போகும் வேலை, எழுதியதைச் சோதிப்பது. வாலட்டை உருவாக்கியதும் சின்னத் தொகை மட்டும் போடுங்கள். பிறகு ஆப்பை நீக்கிவிட்டு, காகிதத்தைப் பார்த்து மீட்டெடுங்கள். காசு மறுபடி தெரிந்த பிறகே பெரிய தொகையைக் கொண்டு வாருங்கள். அரைமணி நேர வேலை. பதினொன்றாவது சொல்லில் ஓரெழுத்தைத் தப்பாக எழுதி வைத்திருந்ததை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

படி 7: முகவரியும் கருவியும்

முகவரியைக் கையால் தட்டச்சு செய்ய முடியாது, நகலெடுத்துத்தான் ஒட்டுவோம். ஒட்டும் நேரத்தில் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒத்துப்போனால் போதும் என்று விடாதீர்கள். அந்த அளவுக்கு ஒத்த முகவரியை உருவாக்கிக்கொள்வது எளிது. நடுவிலும் பாருங்கள். பெரிய தொகைக்கு முன்னால் சின்னத் தொகை அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகும் தொகைக்கு ஹார்டுவேர் வாலட் (சாவியை இணையத்தில் படாமல் வைக்கும் தனிக் கருவி) வாங்குங்கள், உற்பத்தியாளரிடமே நேரடியாக. செகண்ட்ஹேண்ட் வேண்டாம். சொற்கள் ஏற்கெனவே எழுதிய அட்டையோடு வந்தால் அது கண்ணி. 2020-ல் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. அடுத்த ஆண்டே சிலர் வீட்டுக்கு, கேட்காமலே, 'பாதுகாப்புக்காக மாற்றித் தருகிறோம்' என்ற கடிதத்தோடு போலிக் கருவிகள் தபாலில் வந்தன. 2018 டிசம்பரில் எலக்ட்ரம் வாலட்டுக்குள்ளேயே 'அப்டேட் செய்யுங்கள்' என்ற போலிச் செய்தியைக் காட்டிப் பலரின் காசைத் திருடினார்கள். அப்டேட் வேண்டுமானால் நீங்களே அதிகாரப்பூர்வ தளத்துக்குப் போய் எடுங்கள், வந்து கதவைத் தட்டும் இணைப்பை அழுத்தாதீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் கிடப்பதன் சாவி உங்களிடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ், 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ், 2024 ஜூலையில் நம் நாட்டின் வசிர்எக்ஸ் என்று எக்ஸ்சேஞ்சுகள் முடங்கியிருக்கின்றன. வசிர்எக்ஸில் திருடு போனது ஏறக்குறைய 23 கோடி டாலர். காசு எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. வாங்க விற்க எக்ஸ்சேஞ்ச் தேவைதான். வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

படி 8: வீட்டில் ஒருவருக்குத் தெரியட்டும்

சொற்களை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லி, மனைவி மக்களுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். வைத்திருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாமினி கிடையாது, கேட்கப் போக மேனேஜரும் கிடையாது. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த வாலட், எந்த ஆப் அல்லது கருவி, சொற்கள் எந்த இரண்டு இடங்களில் இருக்கின்றன, கருவியின் பின் எண் எங்கே, கூடுதல் கடவுச்சொல் வைத்திருந்தால் அது எங்கே, உதவிக்கு உறவில் யாரைக் கூப்பிடலாம். சொற்களை அந்தக் கடிதத்திலேயே எழுதாதீர்கள்.

அக்கா மகன் அப்படி ஒரு கடிதம் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறான். போன தீபாவளிக்குப் போனபோது அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பழைய போன் ஒன்றில் அந்தச் சொற்களைப் போட்டு மீட்டெடுக்கச் சொல்லிக் கொடுத்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் போட்டாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. திரையில் இருப்புத் தெரிந்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் அந்த வாலட்டை உடனே அந்தப் போனிலிருந்து அழித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி பீரோவில் வைத்தான்.